தாரா வேட்டைக்கு ஒரு மண்டாடி

ஈர இறகைத் தீயில் வாட்டினால் ஒரு நாற்றம் கிளம்பும். தலைமயிர் கருகுவதோடு குளத்துச் சேறும் சேர்ந்த நாற்றம் அது, துணியில் ஏறிவிட்டால் எத்தனை தடவை துவைத்தாலும் லேசில் போகாது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் "குசினி", அதாவது சமையலறை, ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும் அந்த நாற்றத்தில்தான் கிடக்கும். கிறிஸ்துமஸ் காலம் என்றால் மற்றவர்களுக்குக் கேக்கும் நட்சத்திர விளக்கும் ஞாபகம் வருமாம். எனக்கு வருவது செத்த தாராவும் (குளத்துக் காட்டு வாத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), அதற்காக எங்கள் வீட்டு ஆண்கள் போட்ட சண்டையும்தான். சின்ன வயதை நினைத்து உருகி எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் "தண்டல்", அதாவது தோணியை நடத்துகிற தலைவர். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராசாக்கள் திருநாள் முடிகிற வரைக்கும் கடலுக்குப் போகமாட்டார். அந்த இடைவெளியில் அவரும், அவருடைய அண்ணனான எங்கள் பெரியப்பாவும், ரொசாரி சித்தப்பா என்று நாங்கள் கூப்பிடும் கூட்டாளியும், கூட இன்னும் சிலருமாக ஒரு வாடகை வேனைப் பிடித்து, மழைக்குப் பிறகு நிரம்பிக் கிடக்கும் ஏதாவது ஒரு குளத்துக்குத் தாரா சுடப் போவார்கள். அது அப்போதே சட்டப்படி குற்றம்தான். யாராவது கேட்டால் பெரியப்பா, "இது எங்க தாத்தா காலத்துத் துப்பாக்கிலே, நேத்து வந்த சட்டம் இதுக்குச் செல்லாது" என்பார். எதைப் பற்றிக் கேட்டாலும் அவருக்கு அப்படியொரு பதில் தயாராக இருக்கும்.

வேட்டையைவிடப் பெரிய ரகளை, எந்த இடத்துக்குப் போவது, யாரை முன்னால் விட்டுப் போவது என்று முடிவு செய்வதுதான். குளத்துக்குக் கூட்டிப்போகிற ஆளை இவர்கள் "மண்டாடி" என்றார்கள். அது கடல் வார்த்தை; படகில் போகிற ஆட்களை நடத்துகிறவனுக்குள்ள பெயர். பெயரை மட்டுமா கரைக்கு இழுத்து வந்தார்கள், அதன் முறையையும் சேர்த்தே இழுத்து வந்தார்கள். மண்டாடி சொன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும், மண்டாடி கை காட்டினால்தான் சுட வேண்டும், மூன்று ராசாக்கள் திருநாளன்று மதியம் கறி எந்த வீட்டில் வேகிறதோ அந்த வீட்டு மேசையின் தலைமாட்டில் மண்டாடிதான் உட்கார வேண்டும். அவர் தட்டில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் தட்டில் விழும்.

இந்த முறையை வைத்துத்தான் என் அம்மா ஒரு கணக்குப் போட்டாள். அம்மாவுக்கு ஒரே தம்பி, சூசை மாமா. கத்தோலிக்கர்களான எங்கள் கூட்டத்தை விட்டு அவர் நாசரேத் பக்கத்துப் புராட்டஸ்டண்டு குடும்பத்து டீச்சர் ஒருத்தியை விரும்பி, அவர்கள் கோயிலிலேயே தாலி கட்டி, ஏரலில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அம்மா ஏரலுக்குப் போகக் கூடாது, மாமா எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்று பெரியப்பா உத்தரவு போட்டார். அப்பா தலையாட்டினார். நடுக்கடலில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், அண்ணன் முன்னால் வந்தால் வாயில் கொழுக்கட்டைதான். மாமா மண்டாடியாகிவிட்டால் பெரியப்பாவாலும் அவரை வாசலில் நிறுத்த முடியாது, எங்கள் மேசையில் தம்பி உட்கார்ந்துவிட்டால் பிறகு அவன் வரத்துப்போக்கை யாரும் தடுக்க முடியாது என்று அம்மா நம்பினாள். எனக்கு அப்போது பத்து வயது; அம்மா முகத்தில் அந்த நம்பிக்கையைப் பார்த்து நானும் நம்பினேன்.

அந்த வருஷம் விருந்து எங்கள் வீட்டில் என்பதால் எங்கள் முன்னறையில்தான் கூட்டம் கூடியது. ரொசாரி சித்தப்பா, "தருவைகுளத்துக்குப் போவோம், தாரா கெடைக்குதோ இல்லியோ, நல்ல மீன் கொழம்பு உண்டு" என்றார். பெரியப்பா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வெளியே கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார். பிறகு, "வாடக்காத்து நல்லா எடுத்திருக்கு. பறவையெல்லாம் தெக்கதான் தள்ளும். ஆறுமுகநேரி உப்பளத்துல போயி ஒதுங்கியிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். தாரா என்ன பாய் விரித்த தோணியா, காற்று தள்ளின பக்கம் போய் ஒதுங்க? காலமெல்லாம் கடலைப் பார்த்தே வளர்ந்த அத்தனை பேரும் அதற்கு மண்டையை ஆட்டினார்கள். அப்போதுதான் காபித் தட்டோடு வந்த அம்மா, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஏரல் பக்கம் கொளம் நெறஞ்சு கெடக்காம். சூசைக்கு அங்கன எல்லாக் கொளமும் தெரியும். அவனக் கூப்பிட்டா கூட்டிட்டுப் போவான்."

பெரியப்பா காபியைக் கையில் வாங்கவே இல்லை. "மாதாவ விட்டுட்டுப் போனவன் நமக்கு மண்டாடியா? ஏலே, ஒம் பொண்டாட்டி என்ன பேசுதான்னு கேட்டியால?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா தம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறிப்போன பிறகும் ஆற்றினார்.

ஆறுமுகநேரிக்குத்தான் போனார்கள். பெரியப்பாவே ஓர் உப்பளக் காவலாளியை மண்டாடியாக்கினார். அந்த ஆளை உப்புப் பாத்தி பாத்தியாக நடக்கவிட்டு, சாயங்காலம் முகமெல்லாம் வெயிலில் வெந்து திரும்பினார்கள். சாக்கைக் கவிழ்த்தால் கைக்குள் அடங்குகிற உள்ளான் குருவி இரண்டு விழுந்தன. "இதுக்கா ஒரு வேனு?" என்று நான் சத்தமாகவே கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன். வாங்கினாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஆனால் விருந்துக்கு அப்பாவின் தோணி முதலாளியை அழைத்தாயிற்று. தாராக்கறி என்று ஆசை காட்டி அழைத்தவரும் பெரியப்பாதான். கோழிக்கறியை வைத்தால் ஊரே சிரிக்கும். இரண்டு நாள் உறுமிக்கொண்டு திரிந்துவிட்டு, திருநாளுக்கு முந்தின நாள், வாசலில் நின்றபடியே, "சரில, அவனயே வரச்சொல்லித் தொலை" என்றார். அம்மா அன்றைக்கு மேசையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினாள், தலைமாட்டு நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தாள், என்னைப் பிடித்துவைத்து, "மாமா வந்தா 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்'னு சொல்லணும், என்னளா?" என்று பாடம் நடத்தினாள். தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "எந்தம்பி வாரான்" என்று அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை பூசை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், இரவோடு ஏரலுக்குப் போயிருந்த வேன் வந்துவிட்டது. சாக்கு நிறையத் தாரா, கிளுவை என்கிற சின்னத் தாரா. பின்னால் மாமா இறங்கினார். காலெல்லாம் சேறு, சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா, "யக்கா, மெலிஞ்சிட்டியே" என்றார். பிறகு இருவருமாகக் குசினிக்குப் பின்னால் உட்கார்ந்து இறகு பிடுங்கினார்கள். அவர்கள் சிரித்த சத்தம் முன்னறை வரை கேட்டது.

மதியம் முதலாளி வந்தார். எல்லாரும் கைகழுவினார்கள். மாமாவும் காலைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு முன்னறைக்குள் வந்தார். தலைமாட்டு நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

"அது மண்டாடிக்குள்ள எடம்லா அத்தான்" என்றாள் அம்மா, மெதுவாகத்தான்.

"ஆமா. நாந்தான் மண்டாடி" என்றார் பெரியப்பா. "வாழத்தண்டுத் தெப்பத்துல கொளத்துக்குள்ள போனோம்லா, அதுல கம்பு புடிச்சு ஊனினது யாரு? நானு. கம்பு புடிச்சவன்தான் மண்டாடி. இவன் வழி காட்டுனான், அம்புட்டுதான். வெளிய எல போட்டுக் குடு, தின்னுட்டுப் போட்டும்."

பாவி மனுஷன் தெப்பத்தில் ஏறும்போதே இதை யோசித்துத்தான் கம்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ரொசாரி சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வீடு அவருடையது, மேசை அவருடையது, தாரா இருக்கிற குளத்தைக் காட்டிக் கொடுத்தவன் அவருடைய மச்சினன். ஒரு வார்த்தை, "எந்திரிண்ணே" என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். அப்பா தன் தட்டைத் துடைத்தார்.

மாமா, "யக்கா, நான் வாரேன்" என்று வெளியே நடந்தார். அம்மா குசினிக்குள் போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கறிச்சட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, முன்னறை நடுவே நடந்து, வாசற்படியில் கொண்டுபோய் வைத்து, மாமாவைச் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நான் சோற்றுப் பானையையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தெருவில் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற சனம் நின்று பார்த்தது.

"ஏளா, என்ன செய்யுத? சட்டிய உள்ள கொண்டா!" என்று பெரியப்பா கத்தினார்.

"கம்பு ஒங்க கையில இருந்துச்சுன்னா, கரண்டி எங்கையிலல்லா இருக்கு" என்றாள் அம்மா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவுக்குப் போட்டாள், எனக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தின்னுல, எனக்காகத் தின்னு" என்று அம்மா அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் தின்று முடிக்கிற வரைக்கும் உள்ளே அத்தனை ஆண்களும் வெறும் தட்டுக்கு முன்னால் இருந்தார்கள்.

பெரியப்பா இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லைச் சாகிற வரைக்கும் காப்பாற்றினார், புண்ணியவான். அம்மா அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் ஏரலுக்குப் பஸ் ஏறினாள். ஆனால் மாமா திரும்ப எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. "எனக்காக நீ தெருவுல உக்காந்தது போதும்க்கா" என்று சொல்லிவிட்டாராம். மாமா போய்ச் சேர்ந்த பிறகும் அம்மா மேசையைத் துடைக்கும்போது, "ஒரு வாட்டியாவது அவன் இங்கன உக்காந்திருக்கலாம்" என்பாள். அந்த ஆசை நிறைவேறாமலே அவளும் போய்விட்டாள்.

துப்பாக்கியை எப்போதோ போலீசில் ஒப்படைத்தாயிற்று. கேமராவும் கையுமாகப் பிள்ளைகள் போய்த் தாராவைப் படம் எடுக்கிறார்கள். நல்லது, அதுவாவது பிழைத்தது. அந்த மதியம் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் மிச்சம் இருப்பது அப்பா ஒருத்தர்தான், எண்பதைத் தாண்டிவிட்டார். போன மாதம் என் பேரப்பிள்ளைகள் ஏரல் பக்கத்துக் குளங்களுக்குப் பறவை பார்க்கப் போகத் திட்டம் போட்டபோது, அவர்களை உட்காரவைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். "அப்பல்லாம் எங்க மச்சான் சூசைதான் மண்டாடி. இந்தா, இந்த மேசையில, தலமாட்டுல உக்காரவச்சு, எங்கையால அவனுக்கு மொதல்ல கறி வச்சேன்."

"இல்ல. மாமா வாசப்படியிலதான் சாப்பிட்டாரு. நீங்க உள்ள தட்டத் தொடச்சிக்கிட்டு இருந்தீங்க" என்றேன்.

அப்பா மறுக்கவில்லை. "ஏளா, பிள்ளைகளுக்கு முன்னால வச்சு இப்படியா பேசுவ?" என்றார்.

"அன்னைக்கும் ஒரு பிள்ளைக்கு முன்னாலதான் நடந்துச்சுப்பா" என்றேன்.