வெல்லம் பூசிய மீன்

செம்மண்டலத்தில் என் வீட்டு ஓவனில், வெல்லப்பாகும் எலுமிச்சைச் சாறும் பூசிய சால்மன் மீன் வெந்துகொண்டிருந்தது. ஓரம் கருகும் பாகின் வாசனை என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனது.

அப்பா இறந்தபின் நானும் அம்மாவும் அங்கே பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். எனக்கு எட்டு வயது, நாக்கெல்லாம் புண். காரம் ஆகாதென்று எனக்காக இரண்டு துண்டு வஞ்சிரத்தில் மட்டும் அம்மா வெல்லம் தடவித் தோசைக்கல்லில் போட்டாள். புகை இனிப்பாக எழுந்தது.

வாசனை பிடித்து வந்த பெரியப்பா, "மீன்ல வெல்லமா? மனுசன் திம்பானா இத?" என்று கத்தி, கல்லோடு தூக்கிப்போய் வாசலில் கொட்டினார். தெருவே பார்க்க, அம்மா குனிந்து மண்ணிலிருந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

அதற்காகத்தான் இன்று அவரைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்திருந்தேன். இரண்டு துண்டு தின்றுவிட்டு, "ஜோரா இருக்கும்மா. யாரு பக்குவம் இது?" என்றார்.

"அம்மாவோடது பெரியப்பா. அன்னிக்கு நீங்க வாசல்ல கொட்டுனீங்களே, அதேதான்."

அவர் கை தட்டிலேயே நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா என்னை அதட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"முள்ளு இல்ல, சாப்பிடுங்க மாமா."

அவர் அதைத் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள்.