‘ம்’ கொட்டாத ஒரு நாள்

எனக்கு வாய் ஓயாது. காரைக்காலில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், மாடி வார்டில் நான் பேசினால் கீழே மருந்துக் கடைக்குக் கேட்கும் என்பார்கள். அப்படிப்பட்ட என்னைத்தான், நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர்களுக்கு வார்டிலேயே வேலை பழக்கவும், பிறகு அவர்கள் தேறினார்களா என்று மதிப்பிடவும் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

வேலை பழக்குவது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மதிப்பிடுவதுதான் பெரும்பாடு. சோதனை நடக்கும்போது மதிப்பிடுகிறவர் வாயைத் திறக்கக் கூடாதாம். கண் காட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. எங்களுக்குப் பாடம் நடத்தப் புதுச்சேரியிலிருந்து வந்த அம்மா, ஒருநாள் நான் சொல்லிக்கொடுப்பதைப் பின்னால் நின்று பார்த்தார்.

“நீங்க ‘ம்’முன்னா அவங்க செய்யிறாங்க, ‘ம்ஹூம்’னா நிறுத்துறாங்க. பரீட்சையில ஒரு ‘ம்’ வந்தாக்கூட அவங்களுக்கும் சர்ட்டிபிகேட் கிடையாது, உங்களுக்கும் கிடையாதும்மா” என்றார்.

என்னிடம் வேலை பழகியவர்களில் ஒருவர் விழிதியூர் அக்கா. என்னைவிட மூத்தவர். வயலும் வீடுமாக இருந்துவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்தபின் இந்தப் படிப்புக்கு வந்தவர். அவரை நான் மதிப்பிடுவதுதான் எனக்கும் கடைசிப் பரீட்சை. எங்கள் வார்டில் ஓர் இடம் காலியாக இருந்தது; தேறினால் அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆள்.

“வேல கெடைச்சிருச்சுன்னு எங்கூட்டுல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன் சிஸ்டர்” என்று வேறு சொன்னார். அட கடவுளே, இதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்!

வாயை அடக்க வீட்டில் பழகினேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தோசை சுடுவார்; நான் சும்மா நின்று பார்க்க வேண்டும். பாவி மனுஷன், வேண்டுமென்றே கல்லில் விட்டுவிட்டுக் கைபேசியை நோண்டினார். தீயும் வாசனை வந்தது.

“திருப்புங்க!” என்று கத்திவிட்டேன்.

“போச்சு, நீயும் பெயிலு, தோசையும் பெயிலு” என்று சிரித்தார். அவர் தீய்த்த தோசையை எல்லாம் அந்த வாரம் அவரையே தின்ன வைத்தேன்.

சோதனை நாளில் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் நோயாளியாகப் படுத்தார். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை என்று கணக்கு. அவரைப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து விரிப்பு மாற்ற வேண்டும். புதுச்சேரி அம்மா மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

அக்கா முதலில் ஒழுங்காகத்தான் செய்தார். திருப்பத் தொடங்கும்போதுதான் கவனித்தேன். அண்ணனின் விழுந்த கை உடம்புக்கு அடியில் போகிறது. உண்மையான நோயாளியாக இருந்தால் தோள்பட்டையே போய்விடும். ‘ம்ஹூம்’ என் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா வழக்கம்போல நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அடிப்பாவி, என்னைப் பார்க்காதே என்று உள்ளுக்குள் அலறினேன். முகத்தை மட்டும் அசைக்கவில்லை. இதைவிட ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம், அவர் முகம் அப்படி வாடிப்போனது.

அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. குனிந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது. அக்கா சட்டென்று நிறுத்தினார். அவரைப் பழையபடி மல்லாத்தி, அந்தக் கையை மெதுவாக எடுத்து நெஞ்சின் மேல் வைத்தார். அப்புறம் திருப்பினார்.

“நோயாளியப் பாத்துத் திருத்திக்கிட்டாங்க, அதுதான் வேணும்” என்று புதுச்சேரி அம்மா எங்கள் இருவருக்கும் பாஸ் போட்டுவிட்டார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க கல்லு மாதிரி நின்னீங்களா, எனக்கு உசுரே போயிருச்சு சிஸ்டர்!”

எனக்கு மட்டும் என்னவாம்? இருவரும் அழுதோம், பிறகு டீ குடித்தோம்.

வேலையில் சேர்ந்த வாரம், பேச்சு நின்றுபோன ஒரு பாட்டியம்மாவை அவர் தனியாகத் திருப்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற எனக்குப் பழக்கதோஷத்தில் ‘ம்’ என்று வந்துவிட்டது.

அக்கா திரும்பவே இல்லை. பாட்டியின் முகத்தின் மேல் குனிந்தபடி, “செத்த சும்மா இருங்க சிஸ்டர், அம்மா என்னமோ சொல்றாங்க” என்றார்.