பத்தாவது ஆள்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் தெரியும் என்றால் அது தெரியும் என்று நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. அந்தக் குணத்தையும் கூட்டிக்கொண்டுதான் யூதர்களின் சமூகக் கூடத்துக்கு எபிரேயு படிக்கப் போனேன்.

கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு வீடுகளை நடுச்சுவர் இடித்து ஒன்றாக்கியிருந்தார்கள். ஒரு அலமாரி நிறையப் புத்தகம், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, பாலுக்கு ஒன்று இறைச்சிக்கு ஒன்று என்று இரண்டு சமையல் மேடை. ஹைதராபாத்தில் யூதர்கள் மிகக் குறைவு. அதனால் ஞாயிறு மாலை மொழி வகுப்பு, பண்டிகைச் சமையல், வரலாற்றுச் சொற்பொழிவு எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் கல்லூரி மாணவர்கள், தெலுங்கு பாஸ்டர்கள், என்னைப் போன்ற வெளியாட்கள். நடத்தியவர் மும்பையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை.

நான் நாகர்கோவில்காரன். மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. காலையில் தமிழ்ச் சபையில் ஆராதனை, மாலையில் இந்த வகுப்பு. சபையின் வேதபாடக் கூட்டத்தில், “மூல மொழியில் இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா?” என்று ஆரம்பிப்பதற்காகவே சேர்ந்தேன். ஆறே மாதத்தில் உயிரொலி காட்டும் புள்ளிகள் இல்லாத எழுத்தையும் தடுமாறாமல் வாசித்தேன். ஆசிரியை பாராட்டும்போது குனிந்து பேனாவைத் தேடுவதுபோல் பாவனை செய்வேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் உட்காருவார். கொச்சியிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் சென்னைக்கு வந்த யூதக் குடும்பம். சென்னையில் பிறந்து, ரயில்வே பணிமனை வேலைக்காக இங்கே வந்து, ஓய்வுபெற்று மௌலா அலியில் அக்காவோடு இருந்தார். எழுபதை நெருங்கும் வயதில் எழுத்துக்கூட்டிப் படித்தார். காரணம் ஒன்றுதான். அவர் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்லும் ‘காதிஷ்’ என்ற மன்றாட்டை அவர் இன்னும் சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. வயதுவந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடி நிற்க வேண்டும்.

“வருஷம் பூரா பாத்துட்டேன் தம்பி. ஆறு பேரு சேருவாங்க, ஏழு பேரு சேருவாங்க. பத்து மட்டும் சேர மாட்டேங்குது. அக்கா டெய்லி கேக்குறா, அம்மாவுக்குச் சொல்லிட்டியான்னு. படுத்த படுக்கையா கிடக்குறா. அவ இருக்கும்போதே சொல்லிடணும்” என்பார்.

அவருக்கு அந்த மன்றாட்டை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒரு நாள் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, “நீங்களும் கொச்சி ஆளுங்கதானே தம்பி?” என்றார். “நாகர்கோவில் சார். அங்கேருந்து கொச்சி பக்கம்தானே” என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்து, “ஹவ், ஆமா, நான் நெனச்சேன்” என்று என் தோளைத் தட்டினார். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சபையில் என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே ஒருவர் என்னைப் பழைய வம்சத்து ஆள் என்று நினைத்தார். அது இனித்தது, விட்டுவிட்டேன்.

பெரியவருடைய அம்மாவின் ஆண்டு நினைவு நாள் தொடங்கும் மாலையன்று கூடத்தில் ஒரு சொற்பொழிவு இருந்தது. பேசியவர் மும்பையிலிருந்து வந்த அறிஞர். மகளின் பிரசவத்துக்காக ஆசிரியை ஊருக்குப் போயிருந்தார். என்னைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சொற்பொழிவைக் கேட்க ஐடி கம்பெனிகளுக்கு வந்திருந்த வெளிநாட்டு யூதர்கள் சிலர் வந்தார்கள். பெரியவர் வாசலிலேயே நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு ஆணையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்ததும் அறிஞரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். வெளியாட்களைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். மாணவர்கள் எழுந்தார்கள், பாஸ்டர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பெரியவர் என் கையைப் பிடித்து, “நீங்க எங்க போறீங்க, இங்க நில்லுங்க” என்று முன்னால் இழுத்தார்.

அவர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். வேதத்தின் சங்கீத நூலிலிருந்து பத்துச் சொற்கள் உள்ள ஒரு வசனத்தை, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். இதை வகுப்பில் ஆசிரியை சொன்னபோது, “எங்கள் ஊரிலும் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள்” என்று கையைத் தூக்கியவன் நான். அறிஞர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எத்தனையாவது சொல் நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடைசிச் சொல் என் மேல் விழுந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையாலும் தாளைப் பிடித்திருந்தார்.

வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், ஆமென் சொல்வதற்காக. மற்றவர்களைவிட என் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அது எனக்கே கேட்டது, அதில் ஒரு பெருமையும் இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். பெரியவர் ஓரிடத்திலும் தடுமாறாமல் சொல்லி முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“நீங்க என்னத்துக்கு அங்க போயி நின்னிய? போன வருசம் திடப்படுத்தல் வாங்காத ஒரு பையன் திருவிருந்து வரிசையில வந்து நின்னான்னு, எல்லாரும் பாக்க வெளிய அனுப்பினது யாரு? நீங்கதானே?”

எங்கள் சபையில் திடப்படுத்தல் சடங்கு முடித்தவர்களுக்கு மட்டும்தான் திருவிருந்தின் அப்பமும் ரசமும். அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் சபைக்கு வரவே இல்லை.

மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. நாலாவது ஞாயிறு மௌலா அலிக்குப் போனேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பதுதான் கணக்கு, யாருடைய பாரம் எங்கே இறங்கும் என்று யோசிக்கவில்லை. பெரியவர் மாடிப்படியிலேயே என்னைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார். அங்கேயே, படியில் நின்றபடியே சொன்னேன். நான் யூதன் இல்லை, கிறிஸ்தவன், நீங்கள் கேட்டபோது வேண்டுமென்றே மழுப்பினேன், மன்னித்துவிடுங்கள் என்று.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“அப்ப அன்னிக்கி ஒம்போது பேருதான்” என்றார்.

“ஆமா சார்.”

“அப்ப அம்மாவுக்கு இன்னும் சொல்லல.”

அவர் மேலே வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அக்காகிட்ட சொல்லிட்டேனே. அன்னையிலிருந்து ராத்திரி நிம்மதியா தூங்குறா. அவகிட்ட இதுவரைக்கும் நான் ஒரு பொய் சொன்னதில்ல, ஆனா இத சொல்ல நம்மால ஆகாது. நீங்களும் சொல்ல நக்கோ, வேண்டாம்” என்றார்.

தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் உள்ளேயிருந்து, “யாருடா அது?” என்று அக்காவின் குரல் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லாமல் உள்ளே அழைத்துப் போனார். கட்டிலில் ஒரு எலும்புக்கூடுதான் கிடந்தது, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“அக்கா, அன்னிக்கி வந்தாரே தமிழ்காரரு. பத்தாவது ஆளு. இவருதான்” என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நல்லா இருப்பே தம்பி. நீ வரலன்னா எங்கம்மாவுக்கு யாரு இருக்கா சொல்லு.”

கையை உருவிக்கொள்ள முடியவில்லை. பெரியவர், “ஏதாச்சும் சொல்லுங்க தம்பி” என்றார். “எல்லாம் என் பாக்கியம், அம்மா” என்றேன். அக்கா அதே சிரிப்போடு தம்பியைப் பார்த்தார். அதுவரை அக்காவிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத அந்த மனிதர், என்னால், அக்கா முன்னால் தலையைக் குனிந்துகொண்டார்.