ஒரு வண்டிக்கு ஒரு வாத்தியார்

பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மாஸ்டரம்மாவின் வலது கால் பிரேக்கைத் தேடும். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியிலும் அப்படித்தான். டாக்டர் ஊசியோடு குனிந்தால், கால் தன்பாட்டுக்கு ஓர் அமுக்கு அமுக்கும். தூக்கத்தில் கட்டில் சட்டத்தை மிதிப்பதாகக் கணவர் புகார் சொல்வதுண்டு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டியில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பாதி ஆயுளை அந்தப் பிரேக்கின் மேல் கால் வைத்தே கழித்தவர் அவர். இனிமேல் போய் அந்தக் காலுக்குப் புத்தி சொல்ல முடியாது.

அவர் வண்டியை வைத்திருக்கும் அழகே தனி. கண்ணாடி, கதவு, சக்கரம் எல்லாம் பளபளவென்று இருக்கும். முன்பக்கத்து பானெட்டில் மட்டும் துணி படக்கூடாது. அதில் படியும் தூசிதான் அவருடைய கரும்பலகை. நாற்சந்தியில் யார் யாருக்கு வழிவிட வேண்டும், வளைவில் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் விரலால் தூசியில் வரைந்து காட்டிவிட்டு, விரலை உடுப்பில் துடைத்துக்கொள்வார். மழை பெய்த மறுநாள் பாடம் கொஞ்சம் சுமாராகத்தான் இருக்கும்.

படிக்க வருபவர்களின் பெயர் அவர் மனதில் நிற்பதே இல்லை. குறைதான் நிற்கும். மருந்துக்கடைக்காரருக்கு 'கிளட்சுக்கு எமன்' என்று பெயர். கல்லூரி ஆசிரியை ஒருவர் 'கண்ணாடி பாக்காதவ'. யாருக்கு என்ன கிழமை, என்ன நேரம், யாருக்கு எந்தத் தேதியில் லைசென்ஸ் பரீட்சை என்பதெல்லாம் தலைக்குள்தான். மற்ற மாஸ்டர்கள் டயரியைப் புரட்டும்போது நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார். "எல்லாம் இங்க இருக்கு. காகிதம் தொலையும், தலை தொலையுமா?"

தொலைந்தது.

அவரிடம் படித்தவர்களில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இருந்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவரும் வேலைக்கு ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தார்கள்; லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். கிடைத்துவிட்டால் இரவு டியூட்டி போய்விடும். பள்ளிக்கூடம் போகும் மகளோடு ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழலாம். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். பரீட்சையன்று டியூட்டி முடிந்த கையோடு, சீருடைகூட மாற்றாமல் மைதானத்துக்கு வந்து காத்து நின்றாள். பள்ளி வண்டி வரவில்லை. மாஸ்டரம்மா ஊரின் மறுகோடியில், 'கிளட்சுக்கு எமனு'க்கு மேடு ஏறக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய போன், அவருடைய சட்டப்படியே, அணைத்து டாஷ்போர்டு அறைக்குள் கிடந்தது. நர்ஸின் முறை வந்து, கூப்பிட்டு, தாண்டியும் போய்விட்டது.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டபோது அவள் சொன்னது ஒரே வார்த்தைதான். "பரவாயில்லைங்க." நாலு வார்த்தை திட்டியிருந்தால் மாஸ்டரம்மாவுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த தேதி மாதக் கடைசியில் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதுவரைதான் அந்த இடத்தை வைத்திருப்பார்கள். இதையும் விட்டால் விட்டதுதான்.

மாஸ்டரம்மாவுக்கு வேறொரு பயமும் இருந்தது. அவருடைய அம்மா இதே வயதில்தான் அடுப்பை அணைக்க மறக்க ஆரம்பித்தார். அந்த நினைப்பு வந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போய், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு தொடுதிரை டேப் வாங்கிக்கொண்டு வந்தார். பட்டன் போனைத் தவிர வேறெதையும் தொடாதவர், 'ஸ்க்ரீனைப் பாக்குறவன் ரோட்டைப் பாக்கமாட்டான்' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், அட்டைப்பெட்டியை முந்தானைக்குள் மறைத்துத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

கணவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின்சாரம் ஓடும் எந்தப் பொருளும் தன்னுடைய ராஜ்யம் என்பது அவர் எண்ணம். மாஸ்டரம்மா முகம் கழுவிவிட்டு வருவதற்குள் டேப்பின் திரை முழுக்க ஆப்களை இறக்கி வைத்திருந்தார்.

"இங்க பாரு, நீ எவ்வளவு தூரம் நடந்தேன்னு இது சொல்லிடும்."

"நடந்தது எனக்குத் தெரியாதா?"

"இது தண்ணி குடிக்கச் சொல்லி ஞாபகப்படுத்தும்."

"தாகம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"சரி, இது உன் தொழிலுக்கு. வழி சொல்ற மேப்பு."

தொழிலுக்கு என்று சொன்னதால் அதை மட்டும் மறுநாள் வண்டியில் கொண்டுபோனார். 'நேராப் போ' என்று அவர் சொன்ன அதே நொடியில் டேப்பிலிருந்து ஒரு பெண்குரல், "வலப்புறம் திரும்பவும்" என்றது. ஓட்டிக்கொண்டிருந்த 'கண்ணாடி பாக்காதவ', யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நட்டநடுச் சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். "ஒரு வண்டிக்கு ஒரு வாத்தியார் போதும்" என்று சொல்லி அன்று சாயங்காலமே மேப்பை வெளியே அனுப்பினார். ஆப்பின் மேல் விரலை அழுத்தி வைத்தால் நீக்கலாம் என்பதுதான் அந்தக் கருவியில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம். அது மிகவும் பிடித்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றையும் புது ஓட்டுநரைப்போலச் சோதித்தார். ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பார். கேட்காமல் பேசினால் நீக்கம். வேலையைத் தொடங்கும் முன்பே 'உங்கள் இருப்பிடத்தை அறியலாமா, உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா' என்று கேட்டால் அதுவும் நீக்கம். "நான் எங்க இருந்தா உனக்கென்ன? என் சொந்தக்காரங்க யாருன்னு எதுக்குக் கேக்குறே, சம்பந்தம் பேசப் போறியா?" என்று திரையைப் பார்த்தே கேட்பார். சலித்தெடுத்ததில் மிஞ்சியவை நாள்காட்டி, அலாரம், வானிலை, படம் வரையும் ஆப். வானிலை பாதி நாள் பொய்தான் சொன்னது. ஆனாலும் வைத்துக்கொண்டார். "தப்பாச் சொன்னாலும் கேட்டாத்தான் சொல்லுது." படம் வரையும் ஆப்பில் இப்போது நாற்சந்திகள் வந்துவிட்டன. வரைந்து முடித்ததும் விரலை உடுப்பில் துடைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை. பானெட்டைக் கழுவவும் இன்னும் மனது வரவில்லை.

தேர்ந்தெடுப்பது சுலபமாக இருந்தது. கற்றுக்கொள்வதுதான் பாடாய்ப் படுத்தியது. நர்ஸின் பரீட்சைத் தேதியை நாள்காட்டியில் ஏற்ற வேண்டும், முந்தின நாளும் அன்று காலையும் மணி அடிக்க வேண்டும். கேட்கப்போனால் கணவர், "குடு இங்க, இதை இப்படித் தள்ளி, அதை இப்படி அமுக்கி... முடிஞ்சுபோச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எது எப்படி முடிந்தது என்று மாஸ்டரம்மாவுக்குத் தெரியாது. இரண்டு தடவை பொறுத்தார்.

"நீங்க ஓட்டிக் காமிச்சா எனக்கு எப்படிங்க லைசென்ஸ் கிடைக்கும்? கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க."

"என்னது?"

"கை வெளிய வரக்கூடாது. வாயால சொல்லிக் குடுங்க."

எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ பேருக்கு மேலதிகாரியாக இருந்த மனிதர், இரண்டு உள்ளங்கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டு தவித்தார். "அங்க... இல்ல, அதுக்குப் பக்கத்துல... ஐயோ, அது இல்ல." மாஸ்டரம்மா விரலைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். "அங்கன்னா எங்க? மேலயா கீழயா, வலதா இடதா? இப்படிச் சொல்லிக் குடுத்தா என் வண்டியில எவனும் வீடு போய்ச் சேரமாட்டான்." கணவர் மெல்ல மெல்ல ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்டார். மேல் மூலை, வலது பக்கம், மூன்று புள்ளி. அந்த வாரம் அந்த வீட்டில் இரண்டு பேர் தேறினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

திரையில் வேண்டாத எதுவாவது பாய்ந்து வந்தால் மாஸ்டரம்மாவின் வலது கால் தரையை மிதிக்கும். மிதித்தும் அது போகவில்லையே என்று ஒரு கணம் திகைப்பார். இதற்கிடையே ஒரு விபத்தும் நடந்தது. நாள்காட்டியில் எல்லாரையும் அவரவர் செல்லப் பெயரிலேயே, போன் நம்பரோடு ஏற்றியிருந்தார். 'பகிர்' என்று ஒரு வார்த்தை கண்ணில் பட, நல்ல வார்த்தையாக இருக்கிறதே என்று தட்டிவிட்டார். அத்தனை மாணவர்களுக்கும் மொத்த நாள்காட்டியும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்து உட்கார்ந்ததும், "மாஸ்டரம்மா, அந்த 'கிளட்சுக்கு எமன்' நான்தானே?" என்றார்.

"வேற யாரு?" என்றார் மாஸ்டரம்மா, முகம் சிவக்க. அன்று மருந்துக்கடைக்காரர் கிளட்சைப் பூப்போல மிதித்தார்.

நர்ஸுக்கு நாள்காட்டியில் இருந்த பெயர் 'பரவாயில்லைங்க'. அவள் அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "அவ்வளவு தடவையா சொல்றேன்?" மாஸ்டரம்மா சீட்பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். அந்தப் பெயரைக் குறும்புக்காக வைக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் சுடட்டும் என்று தனக்காக வைத்துக்கொண்டது.

நர்ஸ் நன்றாகத்தான் ஓட்டுவாள். பின்னால் எடுத்து இரண்டு ட்ரம்களுக்கு நடுவே நிறுத்துவது ஒன்றுதான் வரவில்லை. ஒவ்வொரு முறையும் ட்ரம் நெருங்கும்போது மாஸ்டரம்மாவின் பிரேக் முந்திக்கொள்ளும். வீட்டில் வந்து இதைச் சொல்லி அலுத்துக்கொண்டே டேப்பில் நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கணவரின் ஒரு கை தொடைக்கடியிலிருந்து நழுவி வந்து திரையைத் தள்ளிவிட்டது.

"கையை எடுங்க!"

"நான் கையை வைக்கிறேன், நீ காலை வைக்கிறே. பெரிய வித்தியாசம் என்ன?"

"என் கால் உயிரைக் காப்பாத்துற கால்."

"ட்ரம்முக்கு ஏது உயிரு?" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கையைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டார். மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

பரீட்சையன்று காலை, அலாரத்துக்கு முன்பே எழுந்து டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த ஆள் நேரத்துக்கு வருகிறானா என்று வாசலில் நின்று பார்க்கும் முதலாளி மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம். மணி அடித்தது. திரையில் 'பரவாயில்லைங்க' என்று வந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த கணவரின் கை பழக்கதோஷத்தில் நீண்டது, பிறகு தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மாஸ்டரம்மா தானே தள்ளி அணைத்தார். ஒரே தள்ளலில் அணைந்தது. கண் லேசாகக் கலங்கியதைக் கொட்டாவி விட்டு மறைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் கண்டதும் நர்ஸ் ஓடிவந்தாள். "இவ்வளவு சீக்கிரமாவா, மாஸ்டரம்மா?"

"ஏறு. தூங்கினியா?"

"பரவாயில்லைங்க."

"தூங்கினியான்னு கேட்டேன்."

"இல்லைங்க. டியூட்டி." அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கு."

"பயம் இருக்கட்டும். கண்ணாடியைப் பாரு."

மைதானத்தில் அதிகாரிகள் இன்னும் வரவில்லை. ஓரத்தில் பழகிப்பார்க்க இரண்டு ட்ரம்கள் இருந்தன. நர்ஸ் வண்டியைப் பின்னால் எடுத்தாள். பாதி தூரம் சரியாக வந்தது. ட்ரம் நெருங்கியதும் மாஸ்டரம்மாவின் கால் முந்திக்கொண்டது. வண்டி குலுங்கி நின்றது. நர்ஸ் ஆச்சரியப்படவில்லை. அங்கே நிற்கத்தான் வேண்டும் என்பதுபோல அமைதியாக முதல் கியரைப் போட்டு முன்னால் வந்தாள்.

அவளுடைய வலது காலை அப்போதுதான் மாஸ்டரம்மா கவனித்தார். அது பிரேக் பக்கம் போகவே இல்லை. இத்தனை நாளும் அந்த இடத்தில் அவள் ஒருமுறைகூடத் தானாக நிறுத்தியதில்லை. இவர் காலுக்காகக் காத்திருந்தே பழகிவிட்டாள். இன்னும் சற்று நேரத்தில் இந்த இருக்கையில் பரீட்சை அதிகாரி உட்காருவார். அவர் இந்தப் பிரேக்கைத் தொட்டால் அதோடு கதை முடிந்தது. மாஸ்டரம்மாவுக்குக் கணவரின் முகம் ஞாபகம் வந்தது.

"இன்னொரு தடவை எடு," என்றார்.

நர்ஸ் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி எடுத்தாள். வண்டி ஊர்ந்தது. இடது ட்ரம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாஸ்டரம்மா மூச்சை அடக்கிக்கொண்டார், வாயையும் அடக்கிக்கொண்டார். ட்ரம் இன்னும் நெருங்கியது. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல், இரண்டுக்கும் நட்டநடுவே நின்றது.

நர்ஸ் இரண்டு பக்கமும் பார்த்தாள். நம்பிக்கை வராமல் திரும்பினாள்.

"நீங்கதானே மிதிச்சீங்க?"

மாஸ்டரம்மா இருக்கையில் சற்றே நகர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்த வலது காலைக் காட்டினார்.