மழையில் மூன்று தடவை கடைத்தெரு

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஐப்பசி மாதம். நாகப்பட்டினத்துப் பக்கம் புயல் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்திலும் பிடித்த மழை விடவில்லை. மறுநாள் என் மாமனாரின் திதி. லால்குடியில் என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நானும் கேட்காத நாளில்லை. ரயில் ஏறினால் அரை மணி நேரம்.

"திதி முடியட்டும். நீ போயிட்டா தளிகை யார் பண்றது?" என்றார் மாமியார். அடுப்படிக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் காய் வாங்கக் கிளம்பினேன். திதிக்கு எல்லாக் காயும் ஆகாது. வாழைக்காய், பாகற்காய், அவரை, சேப்பங்கிழங்கு என்று நாட்டுக் காயாகவே வேண்டும். தெற்கு வாசலில் பாதிக் கடை சாத்திக் கிடந்தது. திறந்திருந்த ஒருவனும் கோஸையும் காரட்டையும் பரப்பிவைத்துக்கொண்டு, "இதுவும் காய்தாங்க, எடுத்துக்கிட்டுப் போங்க," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றில் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மொட்டைக் கோபுரத்தடியில் ஒதுங்கி அதை நிமிர்த்தினால், இரண்டு கம்பி கையோடு வந்தது. அலைந்து திரிந்து வாழைக்காயும் பாகற்காயும் வாங்கி, ஈரக் காலோடு கொல்லைப் பக்கமாக வந்தேன்.

மாமியார் கொல்லைக் கதவருகிலேயே நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, "இலை போறாதுடி. அப்படியே போய் ஒரு கட்டு வாங்கிண்டு வந்துடு," என்றார். ஈரப் புடவையை மாற்றக்கூட விடவில்லை. நான் வாசற்படியில் கால் வைத்தாலே எங்கே என்று கேட்கிறவர் அவர். இலையோடு வந்தால், எள்ளில் வண்டு விழுந்துவிட்டதாம். மறுபடியும் கொல்லை வழியாகவே ஓடினேன்.

எள் வாங்கிக்கொண்டு நிற்கும்போது லால்குடி பக்கம் போகிற ரயில் ஊதுவது கேட்டது. திதி முடிந்த மறுநாள் இதில்தான் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மழையிலும் மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால், மாமியாரே சூடாகக் காப்பி கலந்து வைத்திருந்தார். "பாவம், தெப்பமா நனைஞ்சுட்டியே," என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னைப் பாவம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் உருகிப்போனேன்.

மறுநாள் மடிப்புடவை காயவில்லை. ஈரத்தோடு சுற்றிக்கொண்டு, நனைந்த விறகோடு மல்லுக்கட்டிச் சமைத்தேன். சாப்பிட வந்த பெரியவர்கள் பாகற்காய்க் கறியைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அவர்கள் தெருக்கோடி தாண்டியதும் மாமியார் என்னையும் என் கணவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"உங்கம்மா நேத்து விடியக்காலம் பரமபதிச்சுட்டா. ரெண்டு பேரும் ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ."

பெற்றவள் போனால் கல்யாணமான பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தீட்டு. தீட்டில் திதி செய்யக் கூடாது. ஆனால் செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு, விழாத வரைக்கும் இல்லை. முதல் நாள் காலையில், என் கணவர் ஆபீசுக்கும் நான் காய் வாங்கவும் போயிருந்தபோது, லால்குடியிலிருந்து என் அண்ணா அனுப்பிய ஆள் என்னைக் கையோடு அழைத்துப்போக வந்து வாசல் பக்கத்து ரேழியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் நான் படாமலிருக்கத்தான் இலையும் எள்ளும். கடைசியில், "அவ ஆத்துக்காரரோட அனுப்பி வெக்கறேன், நீங்க முன்னால போங்கோ," என்று மாமியார் அவரை நம்பவைத்து ரயிலுக்கு அனுப்பியிருக்கிறார். அதை நம்பி லால்குடியில் இருட்டுகிற வரைக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதற்குமேல் மழை விடாது என்று எடுத்துவிட்டார்கள்.

நான் தரையில் உட்கார்ந்து அலறினேன். "சாஸ்திரப்படி ஒரு தப்பும் இல்லடி. உன் காதுல விழலையே," என்று மாமியார் ஆறுதல் சொன்னார். நிஜமாகவே ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். என் கணவருக்கும் அப்போதுதான் தெரியும். கோபப்படுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "அம்மா எது பண்ணினாலும் யோசிச்சுத்தான் பண்ணுவா," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மாவின் திதியும் மாமனாரின் திதியும் வருஷா வருஷம் அடுத்தடுத்த நாளில் வருகின்றன. மறுநாள் வீட்டில் திதி என்றால் முதல் நாள் வேறு வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். அதனால் அம்மாவின் திதிக்கு நான் ஒரு வருஷமும் போனதில்லை. லால்குடியில் அண்ணா அம்மாவுக்குப் பிண்டம் வைக்கிற நேரத்தில், நான் தெற்கு வாசலில் மாமனாருக்கு வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.