மீன்சுருட்டிக்கு நாளைக்குப் போகலாம்

காலை ஐந்து பத்துக்குத் திருச்சியில் விழுப்புரம் பஸ் ஏறினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு பம்ப்செட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி என்று நான்கு ஊர்க் கடைகளும் என் பொறுப்பு. எனக்கு முன்னால் இருந்தவருக்கு இது மூன்று நாள் சுற்று. புதிதாக வந்த மேலாளர் அதை ஒரே நாளாக்கினார். முடித்துக் காட்டுகிறவருக்குத்தான் சூப்பர்வைசர் பதவி என்றும் சொன்னார். இரண்டு வருடமாக முடித்துக்கொண்டிருந்தேன்; மற்ற நாட்களில் வேறு ஊர்களுக்கும் இதே ஓட்டம்தான். என் மகள் விழித்திருக்கும் நேரத்தில் நான் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றும் பகலெல்லாம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பாடாலூரில் பஸ் ஐந்து நிமிடம் நின்றது. டீ நாற்பது பைசா. ஆறட்டும் என்று காத்திருக்க மனமில்லாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பது. கடை திறப்பதே எட்டு மணிக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பூட்டிய கதவுக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் வந்ததும் நின்றபடியே ஆர்டர் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். இருபுறமும் கரிசல் காடு, பருத்தி, சோளம் என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால், அந்தச் சாலையில் நான் அதுவரை பார்த்ததெல்லாம் மடியிலிருந்த ஆர்டர் புத்தகம்தான்.

அரியலூரில் இரண்டு கடைகளை முடித்துவிட்டுப் பதினொன்றேகாலுக்குப் பஸ் நிலையம் வந்தால், ஜெயங்கொண்டம் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது ஒரு மணிக்கு. வெளியே டீக்கடையோரம் ஒரு காலி லாரி நின்றது. முன்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் தூசி. டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. பெயர் செல்வராசு. ஜெயங்கொண்டம் பக்கம் போகிறாரா என்று கேட்டேன்.

“கல்லு ஏத்த ரெட்டிபாளையம் போறேன் சார். அங்க ஜெயங்கொண்டம் பஸ் வரும். ஏறுங்க” என்றார்.

ஏறினேன். வண்டி முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரியெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

“கொஞ்சம் வேகமா போகலாமே?”

“போலாம் சார். போயி?”

நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்தார். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு நடை. முன்பு நாளுக்கு ஆறு நடை அடித்தார்களாம்.

“எங்கள்ல ஒருத்தரு ஆறாவது நடையில ஸ்டீயரிங்கப் புடிச்சமேனிக்கே தூங்கிட்டாரு. வண்டி ஏரிக்குள்ள எறங்கிருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல, கால்ல அடி. அன்னைக்கே ஏழு டிரைவரும் கூடிப் பேசி, இனிமே நாலு நடைதான்னு சொல்லிட்டோம்.”

“ஓனர் ஒத்துக்கிட்டாரா?”

“எங்கள நிறுத்திட்டு வேற ஆளப் போட்டாரு. அவங்களும் ஆறு நடை அடிச்சாங்க. ஒரே மாசத்துல டயர் வெடிச்சு, ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சு, பாதி வண்டி ஒர்க்‌ஷாப்புல கெடந்துச்சு. அப்புறம் அவரே வூட்டுக்கு வந்து கூப்புட்டாரு.”

“அந்த ஒரு மாசம்?”

“கஷ்டந்தான் சார். என் சம்சாரம் கடலை புடுங்கப் போச்சு. இப்பச் சிரிக்கிறேன். அன்னைக்கு எங்க சிரிச்சேன்?”

ரெட்டிபாளையம் வந்தபோது மணி பன்னிரண்டு. ஜெயங்கொண்டம் பஸ் வர ஒன்றரை ஆகும் என்றார்கள். “வெயில்ல நிக்காதீங்க, வாங்க” என்று செல்வராசு என்னைச் சுரங்கத்துக்கே கூட்டிப் போனார். வெட்டி எடுத்த பள்ளத்தின் சுவரெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தது.

வண்டி நின்றதுமே மேஸ்திரி ஓடி வந்தார். “செல்வராசு, ஃபேக்டரியில கல்லு பத்தலையாம். இன்னிக்கு ஒரு நடை சேத்து அடிச்சுரு.”

“நாளைக்கு வெள்ளன வந்து மொத நடை நானே அடிக்கிறேண்ணே. இன்னிக்கு நாலுதான்.”

“எல்லாப் பயலும் இதையே சொல்றீங்களேடா!”

“எல்லாருஞ் சேந்துதானண்ணே முடிவு பண்ணுனோம்?”

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். “படிச்சவரு நீங்களே சொல்லுங்க சார். வேலைன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்காதா?”

என் மேலாளரிடம் நான் வழக்கமாகச் சொல்லும் ‘முடிச்சிடலாம் சார்’தான் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால், “அவர் சொல்றதுதான் சரின்னு படுதுங்க” என்றேன். மேஸ்திரியைவிட எனக்குத்தான் ஆச்சரியம். அவர் தலையில் அடித்துக்கொண்டு, சிரித்தபடியே போய்விட்டார்.

லாரியில் கல் ஏறிக்கொண்டிருந்தபோது செல்வராசு தூக்குவாளியைத் திறந்தார். சோறும் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். மூடியில் எனக்கும் போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து, மென்று, மதியச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

“செத்த நேரம் சாயுங்க சார். பஸ்ஸு நேரத்துக்கு எழுப்பி விடுறேன்” என்றார். வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன்.

கண் விழித்தபோது மணி மூன்றே முக்கால். பதறி எழுந்தேன். செல்வராசு ஆலைக்கு ஒரு நடை போய்த் திரும்பி, முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, எழுப்பவே இல்லையே!”

“எழுப்புனேனே சார். ‘மீன்சுருட்டிக்கு நாளைக்குப் போகலாம்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க.”

சத்தியமாக எனக்கு நினைவில்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஜெயங்கொண்டம் போய்ச் சேர ஐந்து மணி. கடைக்கு நடந்தே போனேன். அன்று இரவு திருச்சி திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டு லாட்ஜில் அறை எடுத்தேன். வீட்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு டிரங்க் கால் போட்டு மனைவிக்குத் தகவல் சொன்னேன். பிறகு ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கி மேலாளருக்கு எழுதினேன்: ‘இந்தச் சுற்றை இனி மூன்று நாளில்தான் முடிக்க இயலும். ஒரே நாளில்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்காமல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீன்சுருட்டி. வழியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் போய், அங்கிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பதறி எழுந்து வந்தார்.

“என்ன சார், ஒடம்பு சரியில்லையா? உக்காந்துட்டீங்க?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா உக்காரலாமேன்னு.”

நம்பாமல் என்னையே பார்த்தார். சோடா வரவழைத்தார். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தார். பம்புக் குழாயின் அடியில் மாட்ட நாங்கள் அனுப்பும் ஃபுட்வால்வு மூன்று மாதத்தில் ஒழுகுகிறது, விவசாயிகள் திட்டுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைப்பதற்குள் நான் பஸ் ஏறிவிடுகிறேன் என்றார். ஒழுகிய வால்வு ஒன்றைப் பையில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மேலாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, மூன்று நாள் என்றே போட்டுக்கொள் என்றார். சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போனது. வருத்தம் இல்லாமலில்லை, இரண்டு நாள் இருந்தது. திருச்சியில் இப்போதும் எல்லாரும் பஸ் நிற்பதற்குள் குதித்துத்தான் இறங்குகிறார்கள். நின்ற பிறகு இறங்குகிற என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

மீன்சுருட்டியிலிருந்து அன்று கிளம்பும்போது கடைக்காரர் சாலை வரைக்கும் கூடவே வந்தார். பஸ் ஏறுகிற நேரத்தில் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

“ரெண்டு வருசமா வர்றீங்க. உங்க பேரு என்ன சார்?”