அப்பாவுக்கு நான் அடித்த கண்ணீர் அஞ்சலி

உயிரோடு இருக்கிற அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்தவள் நான். இதைச் சொன்னால் இன்றைக்கும் கேட்பவர்கள் முதலில் வாயில் கை வைக்கிறார்கள், அப்புறம்தான் ஏன் என்கிறார்கள். ஏன் என்றால் கல்லூரியில் கடைசி வருடக் குறும்படம். ஏழு நிமிடம். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வேறு ஒரு காரணமும் கிடையாது.

கதை சின்னதுதான். வெளியூரில் படிக்கிற பெண் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். எதிரே மரத்தில் அவள் அப்பாவின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். போன் அணைந்து கிடந்ததால் அவளுக்குத் தகவல் போகவில்லை. மதுரைப் பக்கம் யார் இறந்தாலும் வீட்டில் பந்தல் போடும் முன்னே தெருமுக்கில் ஃப்ளெக்ஸ் தொங்கும். அதனால் கதை எங்களுக்கு ரொம்ப இயல்பாகத்தான் தெரிந்தது. கேமரா வாடகைக்குக் கிடைத்தது, எடிட்டிங் என் லேப்டாப்பில். அந்த ஃப்ளெக்ஸில் போட ஒரு முகம்தான் கிடைக்கவில்லை.

கேட்டவர்கள் எல்லோரும் அடிக்காத குறைதான். என் கூடப் படித்த தோழிதான் படத்துக்குக் கேமரா. அவள் தன் சித்தப்பாவின் போட்டோவைக் கேட்டுப் பார்த்தாள். அவர் அவளை வீட்டை விட்டே கிளப்பிவிட்டார். ஏஐ-யிடம் கேட்டோம். அது தந்த ஆளுக்கு ஐம்பத்தைந்து வயதிலும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஜவுளிக்கடை விளம்பரத்தில் பட்டுவேட்டி கட்டி நிற்பவர் மாதிரி இருந்தார். சாவு நடந்த வீட்டு முகமாகவே தெரியவில்லை. கடைசியில் என் போனில் இருந்த அப்பா போட்டோவைத் திறந்தேன். மாமா வீட்டுக் காதுகுத்தில் எடுத்தது. பின்னணியை வெட்டி, நீலவானம் போட்டு, ஓரத்தில் ரோஜா வைத்து, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. பத்து நிமிட வேலை. கை கூசவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் திக்கென்றிருக்கிறது.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். திருப்பரங்குன்றம் வழியாகப் போகிற பஸ். காலை நேரத்தில் உள்ளே மூச்சுவிட இடம் இருக்காது, எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. பின்படியில் நின்றுகொண்டு, முன்னால் நிற்கும் பெண்களின் வாயசைவை வைத்தே எந்த ஸ்டாப் என்று கண்டுபிடித்து டிக்கெட்டைக் கைமாற்றி அனுப்புவார். இந்த வித்தை வீட்டிலும் தொடர்ந்தது. டிவி அலறிக்கொண்டிருக்கும்போது நானும் அம்மாவும் மூலையில் குசுகுசுத்தால், “என்னைய பத்தி என்னத்தா அங்க பேச்சு?” என்பார்.

அப்போது வீட்டில் பேச்சு ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மா நன்றாகத் தைப்பாள். அடுத்த தெருவில் பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் கடையில் ஆள் தேடினார்கள். எதிர்வீட்டு அத்தை அங்கேதான் வேலை பார்க்கிறார், அவரே வந்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் நல்ல நேரம் பார்த்து, மீன்குழம்பு வைத்த அன்று அப்பாவிடம் கேட்டாள்.

“எம்பொண்டாட்டி ஊரான் கடையில போயி மிசின் மிதிக்கணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அவ்வளவுதான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வீட்டுத் தையல் மிசின் மேல் மடித்த துணிகளை அடுக்கி வைத்தாள். மூன்று மாதமாக அந்தத் துணிகள் மாறிக்கொண்டே இருந்தன, மிசின் வெளியே தெரியவே இல்லை.

ஃப்ளெக்ஸுக்கு வருகிறேன். முதல் கடையில் உண்மையைச் சொன்னேன். படத்துக்குத்தான், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று. கடைக்காரர் பென்டிரைவைப் பாம்பைப் போல் தள்ளிவிட்டார். “உசுரோட இருக்கிற மனுசனுக்கு இந்த மிசின்ல ஓட்ட மாட்டேன்மா. தொழிலுக்கு ஆகாது.” அதனால் இரண்டாவது கடையில் வாயே திறக்கவில்லை. பென்டிரைவை மட்டும் நீட்டினேன்.

அந்தக் கடைக்கார அண்ணன் திரையில் படம் திறந்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

“ஏம்மா, இது நம்ம கண்டக்டர் அண்ணனில்ல? நீ அவரு மகளா? எப்பம்மா?”

நான் தரையைப் பார்த்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் பென்டிரைவ் மறுபடியும் கைக்கு வரும், வெள்ளிக்கிழமை படம் போகாது. சொல்லவில்லை. தலை குனிந்து நின்றதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“அவரு பஸ்லதாம்மா நான் ஐடிஐ படிச்சேன். ஓடியாந்தா விசில் ஊதி நிறுத்தி ஏத்திக்குவாரு. நல்ல மனுசனுக்குத்தான் இப்படி வரும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஃப்ளெக்ஸைச் சுருட்டி இரண்டு கையாலும் கொடுத்தார். பாவி நான், அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கீழக்குயில்குடியில் ஷூட்டிங். மலையடிவாரத்து ஆலமரத்தில் ஃப்ளெக்ஸைக் கட்டினோம். மகளாக நடித்த பெண்ணுக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டால் கண் சிவந்ததே தவிர முகம் அழவில்லை. எட்டாவது டேக்கில் நான் கத்தினேன். “உங்கப்பா செத்துட்டார்டி! கொஞ்சமாச்சும் அதிர்ச்சியக் காட்டு!” தோழியிடமிருந்து கேமராவை வாங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், நானே எடுக்கிறேன் என்று. அப்போதுதான் போன் அடித்தது. எதிர்வீட்டு அத்தை.

“ஏ பாப்பா எங்கத்தா இருக்க? உங்கப்பா போயிட்டாராம்ல! பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டியிருக்காக. உங்கம்மா கீழ விழுந்து கெடக்கா. ஓடியா!”

எனக்கு முன்னால் ஆலமரத்தில் அதே முகம், அதே ரோஜா தொங்குகிறது. எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தவள் நான். இருந்தும் சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று நான்கு விநாடி அப்பா செத்துவிட்டார் என்றே நம்பினேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. கடைக்கார அண்ணன், விசில் ஊதி ஏற்றிக்கொண்ட கண்டக்டருக்காக, தன் செலவில் இன்னொரு ஃப்ளெக்ஸ் அடித்து, அவர் பஸ் நிற்கிற ஸ்டாப்பிலேயே கட்டியிருக்கிறார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். டூட்டியில் போனை எடுக்க மாட்டார். அம்மா போனும் அத்தை போனும் அடித்துக்கொண்டே இருந்தன, யாரும் எடுக்கவில்லை. தோழி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். கேமராவைக் கழற்றக்கூடத் தோன்றாமல் பின்னால் ஏறினேன். வழியெல்லாம் ஒன்றை மட்டும்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். போனதும் வாசலிலேயே ‘அம்மா, அப்பா சாகல’ என்று கத்திவிட வேண்டும்.

வீட்டு வாசலில் செருப்புக் குவியல். இரண்டு பேர் ரோஜா மாலையோடு நிற்கிறார்கள். யாரோ தெருவில் நாற்காலி இறக்குகிறார்கள். உள்ளே பெண்கள் கூட்டம், நடுவில் அம்மா. நான் போனேன், சொன்னேன். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள், எழுந்தாள், ஓங்கி ஒரு அறை விட்டாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. காது கொய்ங்ங்ங் என்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அரைமணி நேரத்தில் அப்பா வந்தார், சுருட்டிய ஃப்ளெக்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு. ஸ்டாப்பில் தன் முகத்தைத் தானே பார்த்திருக்கிறார். டிரைவர் பிரேக்கை அமுக்கிவிட்டு இவரையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தாராம். “ட்ரிப்பு முடியாம எப்படி வர? பஸ்ல அம்புட்டு சனம்” என்றார். மாலை கொண்டுவந்தவர்கள் முழித்தார்கள். எழவு மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். கடைசியில் முருங்கை மரத்தடியில் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அப்பாவை நடுவாசலில் நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறவில்லை என்று மறுபடியும் சுற்றினாள்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சாயங்காலம் கேமரா கார்டை லேப்டாப்பில் போட்டேன். ஆலமரத்து டேக்குகளுக்குப் பிறகு இன்னொரு கிளிப் இருந்தது. ஐம்பத்திரண்டு விநாடி.

முதலில் என் கால், செருப்புக் குவியல், நிலைப்படி என்று ஆடி ஆடி வருகிறது. எங்கேயோ இடித்து பட்டன் அமுங்கியிருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டாவது விநாடியில் ஆட்டம் நின்றுவிடுகிறது. படம் மேலே எழும்புகிறது. அம்மா ஃப்ரேமுக்கு நடுவில் வருகிறாள். ஃபோகஸ் கொஞ்சம் போய்த் திரும்ப வருகிறது. ஜூம் ஆகி அம்மா முகம் மட்டும் நிற்கிறது. கேமராவுக்குத் தானாக ஜூம் ஆகத் தெரியாது. அதை என் கை செய்திருக்கிறது. எனக்கு இன்றுவரை நினைவில்லை. புருஷன் செத்துவிட்டான் என்று என்னைப் பெற்றவள் நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். உண்மை தெரிந்த நான், நாற்பது விநாடி நின்று படம் எடுத்திருக்கிறேன். கடைசியில்தான் என் குரல் வருகிறது. “அம்மா, அப்பா சாகல.”

மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். ஹெட்போனில் இன்னொன்று கேட்டது. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கைத் துடைத்துவிட்டு, எதிர்வீட்டு அத்தை பக்கம் திரும்புகிறாள். கூட்டத்தின் ஒப்பாரிக்கு நடுவில், தெளிவாக, காய்கறி விலை கேட்பதைப் போல் கேட்கிறாள்.

“மதினி, அந்த யூனிஃபார்ம் கடையில இன்னும் ஆள் எடுக்குறாகளா?”

அப்புறம் மறுபடி அழுகிறாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அடுப்படியைப் பார்த்தேன். அம்மா அப்பாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். என் அம்மாவை அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது. அப்பா காதில் மட்டும் இது விழுந்துவிடக் கூடாது என்று லேப்டாப்பை மூடினேன்.

அந்த ஷாட்டைப் படத்தில் வைக்கவில்லை. “மாப்ள, இத விட்டா நம்ம படத்துல ஒண்ணுமே இல்ல” என்று தோழி கெஞ்சினாள். இல்லாமல்தான் கொடுத்தோம். ஆனால் அந்தத் தடிச்சி வீட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் உளறிவிட்டாள், அம்மா அழுதது கேமராவில் இருக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு. காலையிலேயே ஆரம்பித்தார். “அத எனக்குக் காட்டு பாப்பா. தான் செத்தா பொண்டாட்டி எப்படி அழுவான்னு எம்புட்டுப் பேருக்குப் பாக்கக் கிடைக்கும்?” வாயெல்லாம் பல். அம்மா வெட்கத்தோடு, “அந்தக் கண்றாவிய எதுக்குப் பாத்துக்கிட்டு” என்றாள். அத்தையிடம் தான் கேட்டது அவளுக்கு ஞாபகம் இல்லை என்று அந்த முகமே சொன்னது. குளித்துவிட்டுக் காட்டுகிறேன் என்று அறைக்குள் போனேன். டைம்லைனில் அந்த இடத்தை இரண்டு பக்கமும் வெட்டி, நாலு விநாடிக்குச் சத்தத்தை மட்டும் அணைத்தேன். நல்ல வேளை, இந்த வேலையாவது தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்ளும் இடத்தில் அவர் கண் நிறைந்தது. “பைத்தியக்காரச்சி” என்றார், அவ்வளவு பிரியமாக. நாலு விநாடி வந்தது. போனது. அப்பா திரையை நோக்கிக் குனிந்தார்.

“இந்த எடத்துல சத்தம் வரல.”

“மைக்கு கட்டாயிருச்சுப்பா.”

“ம். திரும்பப் போடு.”

போட்டேன். அவர் உதடும் கூடவே மெல்ல அசைந்தது, பஸ்ஸில் தூரத்து வாயைப் பார்க்கும்போது அசைவதைப் போல. அப்போதுதான் எனக்கு உயிர் போயிற்று. இருபத்து மூன்று வருடம் சத்தமே இல்லாமல் ஊர்ப் பெயர்களைப் படித்த மனிதரிடம் போய்ச் சத்தத்தை அணைத்துவிட்டுக் கிளிப்பைக் காட்டியிருக்கிறேன். அதுவும் குளோசப்பில்.

மூன்றாவது முறை அவரே பட்டனை அமுக்கினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அடுப்படி வாசலில் போய் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“அப்ப நான் எப்படா சாவேன்னு காத்துக்கிட்டு இருந்தியாடி?”

அம்மா கையில் கரண்டியோடு திரும்பினாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அறைக்குள் லேப்டாப் திரையில் உறைந்து நின்ற தன் முகத்தைப் பார்த்தாள். ஞாபகம் வந்துவிட்டது. அழுவாள், இல்லை என்று சாதிப்பாள், காலில்கூட விழுவாள் என்று நான் பதறிக்கொண்டு நிற்கிறேன். அம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

“நீங்கதானங்க சொன்னீக, நான் என்ன செத்தா போயிட்டேன்னு. அதான் அன்னைக்குக் கேட்டேன். அதுக்காக நீங்க சாக வேணாம். சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று அந்த வாயைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வந்தார். தையல் மிசின் மேல் இருந்த துணிகளை மொத்தமாக அள்ளிக் கட்டிலில் போட்டார்.

“மத்தியானச் சாப்பாடு?” என்றார், சுவரைப் பார்த்து.

“டிபன் பாக்ஸ்ல போட்டுத் தந்துட்டுத்தான் போவேன்” என்றாள் அம்மா.